மின்வாகனங்களுக்கான கச்சிதமான ஒருங்கிணைந்த வெப்ப மேலாண்மை அமைப்புகள்: பகிர்வும் பிரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மின்வாகனத்தின் மின்கலத் தொகுதி, மோட்டார், மின்னணு உறுப்புகள், பயணியர் அறை ஆகிய நான்கும் வெவ்வேறு வெப்பநிலை எல்லைகளில் இருக்க வேண்டியவை. தொடக்க கால மின்வாகனங்கள் இவற்றைத் தனித்தனிச் சுற்றுகளால் பேணின; அண்மைக் கால வாகனங்கள் ஒரே தொகுதியில் இணைக்கின்றன. இம்மாற்றம் இடத்தையும் எடையையும் குறைப்பதற்காக மட்டும் நிகழ்ந்ததன்று. ஓரிடத்தில் மிகுதியாகும் வெப்பத்தை மற்றோரிடத்தின் தேவைக்குத் திருப்புவதே அதன் அடிப்படை. எனினும் பகிர்வு கூடுந்தோறும் ஓர் உறுப்பின் பழுது பிற உறுப்புகளுக்கும் பரவும் வாய்ப்பு கூடுகிறது. குளிர்நாட்டுக் காலநிலைக்கு ஏற்ப வகுக்கப்பட்ட ஒருங்கிணைப்பு வெப்பநாடுகளுக்கு அப்படியே பொருந்துவதுமில்லை. எவற்றைப் பகிர்வது, எவற்றைப் பிரித்து வைப்பது என்பதே இவ்வடிவமைப்பின் மையச் சிக்கல் என்பதை இக்கட்டுரை எளிய கணக்கீடுகள் வழியாகவும் நடைமுறையிலுள்ள வாகனங்கள் வழியாகவும் விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: வெப்ப மேலாண்மை, மின்வாகனம், வெப்ப எக்கி, பன்வழி வால்வு, குளிர்பதன ஊடகம், மின்கலத் தொகுதி.

முன்னுரை

பெட்ரோல், டீசல் எஞ்சின்களில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களை இயக்கும் வேலையாக மாறுகிறது. எஞ்சிய பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. இவ்வாறு வீணாகும் வெப்பத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டே குளிர்காலத்தில் பயணியர் அறை சூடாக்கப்பட்டது. அதற்கெனத் தனி ஆற்றல் செலவிடத் தேவையிருக்கவில்லை. எஞ்சின் வாகனத்திலும் ஒருவகை வெப்ப ஒருங்கிணைப்பு இருந்தது என்றே இதனைக் கொள்ளலாம். வெப்பம் மிகுதியாகக் கிடைத்தமையால் அதனைக் கணக்கிட்டுச் செலவிடும் தேவை எழவில்லை.

மின்வாகனம் இந்நிலையை மாற்றியது. மின்மோட்டாரின் திறன் பெரும்பாலான இயக்க நிலைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால் வீணாகும் வெப்பம் குறைவு. அவ்வெப்பமும் தாழ்ந்த வெப்பநிலையில் கிடைப்பதால் நேரடியாகப் பயன்படுத்துவது கடினம். அறையைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் தேவைப்படும் ஆற்றல் முழுவதும், வாகனத்தை ஓட்டும் அதே மின்கலத் தொகுதியிலிருந்து வர வேண்டியதாயிற்று. ஆதலால் வெப்ப மேலாண்மை என்பது வாகனத்தின் பயண தூரம், மின்னேற்ற நேரம், மின்கலத்தின் ஆயுள் ஆகிய மூன்றையும் தீர்மானிக்கும் துறையாக வளர்ந்துள்ளது.

1. நான்கு உறுப்புகள், நான்கு வெப்பநிலைகள்

லித்தியம் அயனி மின்கலம் 15 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான எல்லையில் நன்கு இயங்குகிறது. இதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் நீண்ட காலம் இருப்பின் வேதிச் சிதைவு விரைவுபட்டு மின்கலத்தின் கொள்ளளவு குறைகிறது. உறைநிலைக்குக் கீழே விரைவாக மின்னேற்றம் செய்தால், லித்தியம் கிராஃபைட் மின்வாயினுள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. அது மீளாச் சேதமாவதுடன் உட்குறுக்குச் சுற்றுக்கும் இடமளிக்கக்கூடும். தொகுதிக்குள் ஒரு மின்கலத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு 5 பாகைக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவான வடிவமைப்பு விதி. இல்லையெனில் சில மின்கலங்கள் முன்னதாகவே மூப்படைந்து முழுத் தொகுதியின் கொள்ளளவையும் கட்டுப்படுத்தும்.

இன்வெர்ட்டர் முதலிய மின்னணு உறுப்புகளுக்குச் செல்லும் குளிர்விப்புத் திரவம் சுமார் 65 பாகை வரை சூடாக இருக்கலாம். மோட்டாரின் சுருள்கள் அதனினும் மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். பயணியர் அறையோ 20 முதல் 25 பாகைக்குள் இருக்க வேண்டும். ஆக ஒரு வாகனத்துக்குள்ளேயே குளிர்ந்த சுற்று, இடைநிலைச் சுற்று, சூடான சுற்று என மூன்று வெப்பத் தளங்கள் அமைகின்றன. இவற்றுள் எந்த இரண்டை எப்போது இணைப்பது என்பது வெளிக்காற்றின் வெப்பநிலையையும் வாகனத்தின் இயக்க நிலையையும் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

மின்கலத் தொகுதியின் வெப்பச் சுமையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 150 கிலோவாட் திறனில் விரைவு மின்னேற்றம் நிகழ்கையில் 5 விழுக்காடு இழப்பு எனக் கொண்டால், 7.5 கிலோவாட் வெப்பம் மின்கலங்களுக்குள் உருவாகிறது. 20 நிமிடத்தில் அது 9,000 கிலோஜூல் ஆகும். 400 கிலோ எடையும், கிலோவுக்குப் பாகை ஒன்றுக்கு 1 கிலோஜூல் வெப்ப ஏற்புத்திறனும் உடைய தொகுதி குளிர்விக்கப்படாவிடின் அதன் வெப்பநிலை 22 பாகைக்கு மேல் உயரும். இவ்வெப்பத்தைத் திரவத்தால் அகற்ற வேண்டுமாயின், திரவம் 5 பாகை மட்டுமே சூடேற அனுமதிக்கும் நிலையில், கிளைக்கால் கலந்த நீர் நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டர் வீதம் பாய வேண்டும்.

2. தனித்தனிச் சுற்றுகளிலிருந்து ஒரே தொகுதிக்கு

2010-இல் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் மின்கலத் தொகுதிக்குத் திரவக் குளிர்விப்பைக் கொண்டிருக்கவில்லை. உறையின் வழியாக வெப்பம் தானே வெளியேறுவதையே அது நம்பியிருந்தது. அதே ஆண்டில் வந்த செவ்ரோலெட் வோல்ட் எதிர்வழியைத் தேர்ந்தது. மின்கலங்களுக்கு இடையே அலுமினியத் தகடுகளை வைத்து அவற்றினூடே திரவத்தைப் பாய்ச்சியதுடன், எஞ்சினுக்கும் மின்னணு உறுப்புகளுக்கும் வெவ்வேறு திரவச் சுற்றுகளையும் அது கொண்டிருந்தது. முதல் வழி எளிமையானது. ஆயினும் வெப்பமான பகுதிகளில் மின்கலத்தின் கொள்ளளவு விரைந்து குறைவதைத் தடுக்க இயலவில்லை. இரண்டாம் வழி மின்கலத்தை நன்கு காத்தது; ஆயினும் பம்புகள், குழாய்கள், இணைப்புகள், திரவத் தொட்டிகள் ஆகியன பெருகின.

இணைப்பு என்னும் சிந்தனை இப்பெருக்கத்திலிருந்தே எழுந்தது. 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3 வாகனத்தில் திரவத் தொட்டி, இரு பம்புகள், திசைமாற்று வால்வு, குளிர்பதனச் சுற்றோடு வெப்பம் பரிமாறும் சில்லர் ஆகியன ஒரே கூட்டமைப்பாக வந்தன. மின்கலத்தைச் சூடாக்கத் தனிச் சூடாக்கி வைக்கப்படவில்லை. அதற்கு மாற்றாக, வாகனம் நின்றிருக்கும்போதும் மோட்டாரின் சுருள்களில் வேண்டுமென்றே திறன் குறைந்த முறையில் மின்சாரம் பாய்ச்சி, அங்கு எழும் வெப்பத்தைத் திரவத்தின் வழியே மின்கலத்துக்குக் கொண்டு சென்றனர். மோட்டார் ஓர் இயக்கியாகவும் சூடாக்கியாகவும் இருவேறு பணிகளைச் செய்தது. கச்சிதத்தின் உண்மையான பொருள் இங்கு வெளிப்படுகிறது: உறுப்புகளைச் சிறிதாக்குவதைக் காட்டிலும் ஒரே உறுப்புக்கு இரு பணிகளைத் தருவதால் மிகுதியான இடம் மிச்சமாகிறது.

3. வெப்ப எக்கியும் பன்வழி வால்வும்

மின்தடைச் சூடாக்கி ஓர் அலகு மின்சாரத்தை ஓர் அலகு வெப்பமாக மட்டுமே மாற்றும். வெப்ப எக்கி அவ்வாறன்று. குளிர்சாதனச் சுற்றைத் திருப்பி இயக்குவதுபோல் அது வெளிக்காற்றிலிருந்தோ மோட்டாரிலிருந்தோ தாழ்ந்த வெப்பநிலையிலுள்ள வெப்பத்தை ஈர்த்து, கம்ப்ரசரின் உதவியால் உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றித் தருகிறது. அதன் செயல்திறன் கெழு 2 எனின், ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டு அலகு வெப்பம் கிடைக்கும். மேற்கூறிய 400 கிலோ தொகுதியை உறைநிலைக்குக் கீழே 10 பாகையிலிருந்து 20 பாகைக்குச் சூடாக்க 12,000 கிலோஜூல், அதாவது சுமார் 3.3 கிலோவாட்-மணி தேவை. வெப்ப எக்கி இதனைப் பாதியளவு மின்சாரத்தில் நிறைவேற்றும்.

2012-இன் இறுதியில் நிசான் லீஃப் வாகனத்தில் அறைச் சூடாக்கத்துக்கு வெப்ப எக்கி சேர்க்கப்பட்டது. எனினும் அது அறையோடு நின்றது. 2020-இல் வந்த டெஸ்லா மாடல் ஒய் வாகனத்தில் வெப்ப எக்கி, எட்டு வாயில்கள் கொண்ட ஒரு சுழல் வால்வோடு இணைக்கப்பட்டது. அவ்வால்வு சுழலும்போது மின்கலம், மோட்டார், ரேடியேட்டர், சில்லர் ஆகியவற்றின் திரவப் பாதைகள் வெவ்வேறு வகைகளில் ஒன்றோடொன்று சேர்கின்றன. பத்துக்கும் மேற்பட்ட இயக்க முறைகள் ஒரே வன்பொருளில் கிடைக்கின்றன. ஓடி முடித்த வாகனத்தின் மின்கலத் தொகுதியில் தேங்கிய வெப்பத்தை அறைக்கு ஏற்றவும், மோட்டாரின் வெப்பத்தை மின்கலத்துக்குத் திருப்பவும் இயலுகிறது. கடுங்குளிரில் வெளிக்காற்றிலிருந்து போதிய வெப்பம் கிடைக்காதபோது கம்ப்ரசரையே திறன் குறைவாக இயக்கிச் சூடாக்கியாகப் பயன்படுத்துகின்றனர்.

குழாய்களின் பணியை இங்கு ஓர் ஒற்றைக் கூட்டுக்குழல் ஏற்கிறது. மின்சுற்றுப் பலகை தனித்தனிக் கம்பிகளை நீக்கியதுபோல், வார்க்கப்பட்ட கூட்டுக்குழல் தனித்தனி ரப்பர் குழாய்களையும் அவற்றின் பிடிப்புகளையும் நீக்குகிறது. கசிவுக்கு வாய்ப்புள்ள இணைப்புகள் குறைவதும், தொழிற்சாலையில் பொருத்தும் நேரம் குறைவதும் இதன் உடனடிப் பயன்கள்.

4. சுருக்குவதன் விலை

கச்சிதம் என்றவுடன் குழாய்களை மெல்லியதாக்குவதே நினைவுக்கு வரும். அது தவறான வழி என்பதைப் பாய்ம இயக்கவியல் காட்டுகிறது. கொந்தளிப்புப் பாய்வில், அதே பாய்வு வீதத்துக்குக் குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அழுத்த இழப்பு ஏறத்தாழ 30 மடங்காகும். நிமிடத்துக்கு 25 லிட்டர் பாயும் சுற்றில் அழுத்த இழப்பு அரை பார் எனின், பாய்ச்சத் தேவையான திறன் 21 வாட். விட்டம் பாதியானால் அது 600 வாட்டைக் கடக்கும். மாறாகக் குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் இழப்பும் பாதியாகிறது. மேலும் சுற்றிலுள்ள திரவத்தின் அளவு குறைவதால் அது விரைவில் சூடாகவும் விரைவில் குளிரவும் செய்கிறது. எனவே கச்சிதமான சுற்று என்பது குட்டையான சுற்றே. மெல்லிய சுற்று அன்று.

அடுத்தது குறுக்கு வெப்பக் கடத்தல். 60 பாகைத் திரவம் பாயும் பாதையும் 20 பாகைத் திரவம் பாயும் பாதையும் ஒரே வார்ப்பில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அமையும்போது வெப்பம் தேவையற்ற திசையில் கசியும். அலுமினியக் கலவைகளின் வெப்பங்கடத்துதிறன் மீட்டருக்குப் பாகை ஒன்றுக்கு 100 வாட்டுக்கும் மேல். கண்ணாடியிழை சேர்த்த நைலானுக்கு அது ஒரு வாட்டுக்கும் குறைவு. திரவப் பாதைகளுக்கான கூட்டுக்குழலை நெகிழியில் வார்ப்பதற்கு எடைக் குறைவோடு இதுவும் காரணம். குளிர்பதன ஊடகத்தின் உயர் அழுத்தத்தைத் தாங்க உலோகமே வேண்டும் என்பதால் அப்பாதைகள் தனி உலோகக் கட்டையாக அமைகின்றன. ஒருங்கிணைந்த தொகுதிக்குள்ளேயே பிரிப்பு தேவைப்படுவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மின்கலத்தைத் திரவத்தின் இடையீடின்றிக் குளிர்பதன ஊடகத்தாலேயே குளிர்விக்கும் முறையும் உண்டு. 2013-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 இதனைக் கையாண்டது. 2021-இல் பிஒய்டி தன் மூன்றாம் தலைமுறை மின்வாகனத் தளத்தில் இம்முறையைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் பயன்படுத்தியது. ஒரு பம்பும் ஒரு வெப்பப் பரிமாற்றியும் மிச்சமாகின்றன; வெப்பம் கடக்க வேண்டிய படிகளும் குறைகின்றன. எனினும் திரவமும் ஆவியும் கலந்து பாயும் ஊடகத்தை அனைத்துத் தடங்களுக்கும் சமமாகப் பகிர்வது கடினம். மின்கலங்களுக்கு இடையே 5 பாகை எல்லையைக் காப்பது இங்கு தனி அறைகூவலாகிறது.

5. பழுதின் பரவல்

தனித்தனிச் சுற்றுகளில் ஒரு பம்பு நின்றால் ஒரு பணி மட்டும் தடைபடும். ஒருங்கிணைந்த தொகுதியில் நிலை வேறு. 2022 பிப்ரவரியில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவின்படி, வெப்ப எக்கி கொண்ட 26,681 டெஸ்லா வாகனங்கள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. மென்பொருள் பிழையால் ஒரு வால்வு தேவையின்றித் திறந்து, குளிர்பதன ஊடகம் ஆவியாக்கியில் அடைபடக்கூடும் என்பதே காரணம். அதன் விளைவாக முன்கண்ணாடியின் பனி நீக்கும் திறன் குறைந்து, ஓட்டுநரின் பார்வை மறைய வாய்ப்பிருந்தது. வன்பொருள் மாற்றமின்றி மென்பொருளைப் புதுப்பித்தே இது சரிசெய்யப்பட்டது.

இந்நிகழ்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, ஒருங்கிணைந்த அமைப்பில் வால்வுகளின் நிலையைத் தீர்மானிக்கும் மென்பொருள் வன்பொருளுக்கு இணையான உறுப்பு. இயக்க முறைகள் பெருகுந்தோறும் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடைநிலைகளும் பெருகுகின்றன. அவை ஒவ்வொன்றும் சோதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, வசதிக்கான பணியும் பாதுகாப்புக்கான பணியும் ஒரே உறுப்பைச் சார்ந்திருக்கும்போது, அவ்வுறுப்பு செயலிழந்தாலும் பாதுகாப்புப் பணியைக் குறைந்த அளவிலேனும் தொடரும் மாற்றுவழி வடிவமைப்பிலேயே இருக்க வேண்டும். பழுதுநீக்கும் செலவும் இத்துடன் சேர்வது: ஒரு சிறு முத்திரை வளையத்தின் கசிவுக்காக முழுத் தொகுதியையும் மாற்ற நேர்ந்தால், தொழிற்சாலையில் மிச்சமான செலவு உரிமையாளரின் மேல் ஏறும்.

6. குளிர்பதன ஊடகத் தேர்வு

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு நெறிமுறை, 150-க்கு மேற்பட்ட புவி வெப்பமாதல் திறன் கொண்ட ஊடகங்களை 2017 முதல் புதிய கார்களில் தடை செய்தது. அதனால் 1,430 என்னும் திறன் மதிப்புடைய ஆர்-134ஏ விலக, ஆர்-1234ஒய்எஃப் இடம்பெற்றது. இது வளிமண்டலத்தில் சிதைந்து டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலமாக மாறுவதால், 2023-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்வைத்த ஃபுளூரின் சேர்மக் கட்டுப்பாட்டு முன்மொழிவின் வரம்புக்குள் வருகிறது. கார்பன் டை ஆக்சைடு என்னும் ஆர்-744, புரொப்பேன் என்னும் ஆர்-290 ஆகிய இயற்கை ஊடகங்கள் மாற்றாகக் கருதப்படுகின்றன.

புரொப்பேன் எளிதில் தீப்பற்றும். அதனை வாகனத்தின் முன்புறத்தில் ஒரு சிறு மூடிய தொகுதிக்குள் அடக்கி, அறைக்கும் மின்கலத்துக்கும் திரவத்தின் வழியே மட்டும் வெப்பத்தைக் கொண்டு செல்லும் மறைமுகச் சுற்று இதற்குப் பொருந்தும். கச்சிதம் இங்கு பாதுகாப்பின் நிபந்தனையாகிறது. ஆர்-744 தீப்பற்றாதது, கடுங்குளிரிலும் நன்கு சூடாக்கும். ஆனால் அதன் மாறுநிலை வெப்பநிலை 31 பாகை மட்டுமே. வெளிக்காற்று அதற்கு மேல் சூடாக இருக்கும்போது ஊடகம் திரவமாக ஒடுங்காது, 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வாயு நிலையிலேயே குளிர்விக்கப்பட வேண்டும், செயல்திறன் குறையும். ஜெர்மனியின் குளிர்காலத்துக்கு ஏற்ற இவ்வூடகம் சென்னையின் கோடைக்கு அதே அளவில் ஏற்றதாகாது.

7. வெப்பநாட்டின் கணக்கு

மேற்குறித்த ஒருங்கிணைப்புகளில் பெரும்பாலானவை குளிர்காலப் பயண தூரத்தைக் காக்கும் நோக்கில் உருவானவை. வெப்பநாட்டில் சிக்கல் வேறு. வெளிக்காற்று 40 பாகையில் இருக்கும்போது, 65 பாகையில் இயங்கும் மின்னணுச் சுற்றின் வெப்பத்தை ரேடியேட்டர் எளிதில் வெளியேற்றும். 35 பாகைக்குள் இருக்க வேண்டிய மின்கலத்தின் வெப்பத்தை அதே ரேடியேட்டர் வெளியேற்ற இயலாது. காற்றே மின்கலத்தைவிடச் சூடானது. ஆகவே மின்கலத்தின் வெப்பம் முழுவதும் சில்லர் வழியாகக் குளிர்பதனச் சுற்றுக்குச் சென்றாக வேண்டும். இவ்விரு சுற்றுகளையும் இணைக்கும் முறை, குளிர்நாட்டில் நன்மை தருவது, இங்கு மின்கலத்தைச் சூடாக்கும் தீங்காக மாறும்.

நண்பகலில் நின்ற நிலையில் விரைவு மின்னேற்றம் செய்யும் வாகனமே இங்கு உச்சச் சுமை. மின்கலத்திலிருந்து 7.5 கிலோவாட், அறையிலிருந்து 5 கிலோவாட் என 12.5 கிலோவாட் வெப்பத்தை அகற்ற, செயல்திறன் கெழு 2.5 எனின், கம்ப்ரசர் 5 கிலோவாட் மின்சாரத்தை ஏற்கும். கண்டன்சர் 17.5 கிலோவாட் வெப்பத்தைக் காற்றுக்குத் தள்ள வேண்டும். வாகனம் ஓடாததால் எதிர்க்காற்றும் இல்லை; விசிறி மட்டுமே துணை. கண்டன்சரின் பரப்பையும் விசிறியின் திறனையும் இந்தச் சில நிமிடங்களே தீர்மானிக்கின்றன. கச்சிதத்தின் எல்லையும் இதுவே.

உறுப்பைப் பெரிதாக்காமல் இவ்வுச்சத்தைத் தணிக்க ஒரு வழி உண்டு: காலத்தைப் பகிர்வது. மின்னேற்ற நிலையத்தை அடையும் முன்பே, எதிர்க்காற்று கிடைக்கும் ஓட்டத்தின்போது மின்கலத்தை 25 பாகைக்குக் குளிர்வித்து, மின்னேற்றத்தின்போது 35 பாகை வரை உயர விட்டால், 9,000 கிலோஜூலில் 4,000 கிலோஜூலைத் தொகுதியின் நிறையே ஏற்றுக்கொள்ளும். சில்லரின் சுமை 7.5 கிலோவாட்டிலிருந்து சுமார் 4.2 கிலோவாட்டாகவும், கண்டன்சரின் சுமை 17.5-இலிருந்து சுமார் 13 கிலோவாட்டாகவும் குறையும். முன்கூட்டிக் குளிர்விக்கச் செலவாகும் மின்சாரம் அதே கெழுவின்படி அரை கிலோவாட்-மணிக்கும் குறைவு. குளிர்நாடுகளில் மின்னேற்றத்துக்கு முன் மின்கலத்தைச் சூடாக்கும் வழக்கத்தின் மறுதலையே இது. அதற்கென ஒரு புதிய உறுப்பும் தேவையில்லை.

முடிவுரை

ஒருங்கிணைந்த வெப்ப மேலாண்மை அமைப்பின் சிறப்பு அதன் உருவச் சிறுமையில் அடங்கியதன்று. ஓர் உறுப்பு பல பணிகளை ஏற்பதிலும், வெப்பம் இடத்தாலும் காலத்தாலும் பகிரப்படுவதிலும் அது அமைந்துள்ளது. குழாயைக் குட்டையாக்குவது நன்மை தருகிறது. மெல்லியதாக்குவது இழப்பைத் தருகிறது. சுற்றுகளை இணைப்பது ஆற்றலைச் சேமிக்கிறது. இணைத்ததைத் தேவையான பொழுதில் முற்றாகப் பிரிக்கவும் இயலாவிடின் அதுவே இடராகிறது.

இந்தியா போன்ற வெப்பநாட்டில் வாகனங்களை உருவாக்குவோர் ஆயத்தமான தொகுதிகளை ஏற்கும்போது, அவை எந்தக் காலநிலையின் உச்சச் சுமைக்கு அளவிடப்பட்டவை என்பதை முதலில் வினவ வேண்டும். வெப்ப எக்கியின் குளிர்காலச் சேமிப்பைக் காட்டிலும், 40 பாகையில் நின்றபடி மின்னேற்றம் பெறும் வாகனத்தின் கண்டன்சர் திறனே இங்கு முதன்மையான அளவுகோல். அவ்வுச்சச் சுமையை முன்குளிர்விப்பால் எவ்வளவு தணிக்க இயலும் என்பதை வெவ்வேறு மின்கல வேதியியல்களுக்கும் இந்தியச் சாலைப் பயண முறைகளுக்கும் அளந்து காண்பது, இத்துறையில் உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.